குறட்டைக்குச் சாட்சி பக்கத்தில் படுத்திருப்பவர்

"ஏனுங்க, கொஞ்சம் ஒருக்களிச்சுப் படுங்க." கொங்கு நாட்டு வீடுகளில் நடுராத்திரியில் கேட்கும் குரல் இது. "நானெங்கம்மிணி குறட்டை உட்டேன்? இன்னும் தூங்கவே இல்லையே" என்று பதில் வரும். அவர் பொய் சொல்லவில்லை. தூங்குகிறவருக்குத் தன் குறட்டை பெரும்பாலும் தெரியாது. தூக்கம் போவது பக்கத்தில் இருப்பவருக்கு. இந்தச் சத்தத்தைப் பற்றி நாம் நம்பிக்கொண்டிருக்கும் சில விஷயங்கள் உடம்பையும் கெடுக்கின்றன, உறவையும் கெடுக்கின்றன.

"குறட்டை விட்டால் அசந்த தூக்கம்"

இல்லை. தூக்கத்தில் தொண்டைத் தசைகள் தளரும். மூச்சுப் பாதை குறுகினால், உள்ளே இழுபடும் காற்றில் உள்நாக்கும் பின் அண்ணமும் அதிரும், பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் கொடியில் காயும் துணி படபடப்பதைப் போல. பாதை முழுவதும் அடைபட்டால் சத்தம் நின்றுவிடும்; மூச்சும் நின்றுவிடும். 10 விநாடியோ அதற்கு மேலோ இப்படி மூச்சு நிற்பது தூக்க மூச்சுத்தடை. ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்க, மூளை உடம்பை உலுக்கி எழுப்ப, ஒரு திணறலோடு மூச்சு திரும்பும். மணிக்கு 30 முறையோ அதற்கு மேலோ மூச்சு தடைபட்டால் அது கடுமையான நிலை.

காலையில் குறட்டை விட்டவருக்கு எதுவும் நினைவிருக்காது. தலைவலியும் அசதியும் எரிச்சலும்தான் மிச்சம். சிலருக்கு ரத்த அழுத்தம் மாத்திரைக்கு அடங்காது. காரணம் தெரியாமலே வீட்டில் வாக்குவாதம் வளரும். 2022இல் இசையமைப்பாளர் பப்பி லஹிரி மறைந்தபோது, அவருக்கு இந்தத் தடை இருந்ததை மருத்துவர்கள் சொன்னார்கள். எல்லாக் குறட்டையும் நோய் அல்ல. சத்தம் நடுவில் நின்று, திணறலோடு மறுபடி கிளம்புகிறதா என்பதைத்தான் கவனிக்க வேண்டும்.

"ஆம்பளைன்னா அப்படித்தான், பொண்டாட்டி பழகிக்கணும்"

முதலில் கைவிட வேண்டிய எண்ணம் இதுதான். அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் 10 தம்பதிகளை ஆய்வுக்கூடத்தில் தூங்க வைத்து, இருவரின் தூக்கத்தையும் ஒருசேரப் பதிந்தார்கள். 1999இல் முடிவு வெளிவந்தது. ராத்திரியின் நடுவில் குறட்டைக்காரருக்குச் சிகிச்சை தொடங்கியதும், துணை படுக்கையில் கிடந்த நேரத்தில் உண்மையாகத் தூங்கிய பங்கு 74 சதவீதத்திலிருந்து 87 சதவீதமாக உயர்ந்தது. அவருடைய தூக்கம் கலைவதும் மணிக்கு 21 முறையிலிருந்து 12 ஆகக் குறைந்தது. சிறிய ஆய்வுதான். ஆனாலும் ஒருவருக்குச் செய்த சிகிச்சை அதே ராத்திரியில் இன்னொருவரையும் தூங்க வைத்திருக்கிறது. விடிகாலையில் எழுந்து வாசல் தெளித்து, டிபன் கட்டி, மில்லுக்கோ பனியன் கம்பெனிக்கோ பஸ் பிடிக்கும் பெண்ணுக்கு அந்தத் தூக்கம் எவ்வளவு பெரிய விஷயம் என்று எண்ணிப் பாருங்கள்.

அவர் சொல்வதைப் புகாராக எடுத்துக்கொள்வது தவறு. மருத்துவருக்கு மிகவும் வேண்டிய தகவல் அது. கனடாவின் டொராண்டோவில் உருவாகி 2008இல் வெளியான, மூச்சுத்தடை இருக்கலாமா என்று அறிய இன்று உலகெங்கும் பயன்படும் 8 கேள்விப் பட்டியலில் ஒரு கேள்வி, "தூக்கத்தில் உங்கள் மூச்சு நிற்பதை யாராவது பார்த்தார்களா?" என்பது. அதற்குப் பதில் சொல்ல, பக்கத்தில் படுப்பவரை விட்டால் யார் இருக்கிறார்கள்?

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோட்டிலிருந்து லாரியும் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டியும் ஓட்டிக்கொண்டு வெளிமாநிலம் போகிறவர்களுக்கு அந்தச் சாட்சி கிளீனர்தான். "அண்ணா, தூக்கத்துல மூச்சு முட்டுனீங்க" என்று அவர் சொன்னால் காதில் வாங்குங்கள். சிகிச்சை பெறாத மூச்சுத்தடை பகலில் கண்ணைச் சொக்க வைக்கும்; ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கும்போதும்தான்.

"பொம்பளைங்க குறட்டை விட மாட்டாங்க"

விடுவார்கள். அமெரிக்காவின் விஸ்கான்சினில் 30 முதல் 60 வயது வரையானவர்களிடம் நடத்தி 1993இல் வெளியிட்ட ஆய்வில், ஆண்களில் 24 சதவீதத்தினருக்கும் பெண்களில் 9 சதவீதத்தினருக்கும் மூச்சுத்தடை காணப்பட்டது. மாதவிலக்கு நின்ற பிறகு பெண்களுக்கு இது கூடுகிறது. பல பெண்களிடம் இது அசதியாகவும் தூக்கமின்மையாகவும் மனச்சோர்வாகவும் தெரிவதால், யாரும் தொண்டையைச் சந்தேகிப்பதில்லை. இதோடு வெட்கமும் சேர்கிறது. புகுந்த வீட்டில் பேச்சாகிவிடுமோ என்று பயந்து, சொல்லாமலே இருந்துவிடுகிறார்கள். மனைவியின் குறட்டையைச் சொந்தபந்தத்தின் நடுவே சொல்லிச் சிரிக்கும் கணவர் அவரை மருத்துவரிடமிருந்தே தள்ளி வைக்கிறார்.

"தனியாகப் படுத்தால் உறவு முடிந்தது"

இருவரும் மனம்விட்டுப் பேசி, வாரத்தில் சில நாள் தனி அறையில் படுத்தால் எந்த உறவும் முறியாது. கோபித்துக்கொண்டு ஒருவர் பாயைச் சுருட்டிக்கொண்டு கூடத்துக்குப் போவது வேறு விஷயம். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: அறை மாறினால் ஒருவர் தூங்கலாம், மற்றவரின் மூச்சு சரியாகிவிடாது. மூச்சு நிற்பதைக் கவனிக்கவும் ஆள் இருக்காது.

"மிஷின் மாட்டினால் அவ்வளவுதான்"

ஆஸ்திரேலிய மருத்துவர் காலின் சல்லிவன் 1981இல் வெளியிட்ட சிகிச்சை முறை சிபேப். அந்த மிஷின் பொதுவாக அறைக் காற்றையே மாஸ்க் வழியே இதமான அழுத்தத்தில் அனுப்பி, தொண்டையைத் திறந்தே வைக்கும். போட்டுத் தூங்கும் ராத்திரியில் மட்டுமே பலன் தரும். எல்லோருக்கும் அது தேவைப்படாது. உடல் எடையில் 10 சதவீதம் குறைந்தால் மூச்சுத்தடைகள் ஏறக்குறைய கால்பங்கு குறைவதை ஆய்வுகள் காட்டியுள்ளன. மல்லாந்து படுக்கும்போது மட்டும் திணறுபவருக்கு ஒருக்களித்துப் படுத்தாலே நிலைமை தேறும். தாடையை முன்னே நிறுத்தும் கருவியைப் பல் மருத்துவர் செய்து தருவார். ராத்திரி மது தொண்டையை இன்னும் தளர்த்தும்; அதை விட்டுவிட வேண்டும். ஒல்லியாக இருப்பதால் நமக்கு வராது என்றும் நினைக்க வேண்டாம். தாடை சிறியதாக இருந்தாலும் வரும்.

கோவையின் பெரிய மருத்துவமனைகளில் தூக்கப் பரிசோதனை வசதி உண்டு. காது மூக்கு தொண்டை மருத்துவரையோ நுரையீரல் மருத்துவரையோ பாருங்கள். போகும் முன் சில ராத்திரி அந்தச் சத்தத்தைக் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். இருவரும் சேர்ந்தே போங்கள்; முதலில் பக்கத்தில் படுப்பவர் பேசட்டும்.