படபடப்பு: மனப்பதற்றமா, உடல்நோயா?

நெஞ்சுப் படபடப்பு, மூச்சுத் திணறல், கைநடுக்கம், தலைசுற்றல் ஆகிய குறைகளுடன் ஆரம்ப சுகாதார நிலையத்தை நாடி வருவோர் பலர். இவை மனப்பதற்றத்தால் விளைந்தவையா, வேறு நோயின் அறிகுறிகளா என்பது நோயாளியின் ஐயம் மட்டுமன்று. மருத்துவ அலுவலரும் விடை காண வேண்டிய வினாவாகும். விடை எப்பக்கம் தவறினும் இழப்பு நேரும். உடல்நோய் கவனிக்கப்படாமல் முற்றலாம். அல்லது பதற்ற நோயாளி தேவையற்ற பரிசோதனைகளுக்குக் கைப்பொருளைச் செலவிட்டு அலைய நேரலாம்.

பதற்றம் உடலில் தோன்றும் விதம்

அச்சம் எழும்போது அட்ரினலின் மிகுதியாகச் சுரக்கிறது. இதயத் துடிப்பு விரைகிறது, தசைகள் இறுகுகின்றன, வியர்வை பெருகுகிறது. வேகமாக மூச்சு விடுவதால் இரத்தத்தில் கரியமில வாயு குறைந்து, விரல்கள் மதமதத்துத் தலை சுற்றுகிறது. எனவே இவ்வறிகுறிகள் கற்பனை அல்ல. உண்மையான உடல் மாற்றங்களே.

இதே அறிகுறிகளை உடல்நோய்களும் தோற்றுவிக்கின்றன. இரத்த சோகையில் படபடப்பும் இளைப்பும் உண்டு. 2019-21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, 15 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் 57 விழுக்காட்டினர் இரத்த சோகை உடையவர்கள். ஆகவே, ஒரு பெண்ணின் படபடப்பைச் சோதித்துப் பாராமலே ‘மனக்கவலை’ என ஒதுக்குவது பெரும் பிழையாகும். தைராய்டு சுரப்பு மிகுந்தால் கைநடுக்கத்துடன் உடல் எடையும் குறையும். நீரிழிவுக்கு மருந்து உட்கொள்வோருக்கு இரத்தச் சர்க்கரை தாழ்ந்தாலும் நடுக்கமும் வியர்வையும் தோன்றும்.

பகுத்தறியும் முறை

அறிகுறி எப்போது தொடங்கியது, உழைக்கும்போது மிகுகிறதா, எடை குறைந்துள்ளதா, என்னென்ன மருந்துகள் உட்கொள்ளப்படுகின்றன, குடும்பத்திலோ பணியிலோ இன்னல் உண்டா என்னும் வினாக்கள் முதற்படி. நாடி, இரத்த அழுத்தம், ஹீமோகுளோபின், இரத்தச் சர்க்கரை ஆகியவற்றை அறிதல் அடுத்த படி. தேவைக்கேற்ப இதய மின்வரைபடமும் தைராய்டு சோதனையும் செய்யப்படும். நெஞ்சில் அழுத்தும் வலி, மயக்கம், கடும் மூச்சுத் திணறல் ஆகியவை நேரிடின், பதற்றம் என்று எண்ணிக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

ஒருவருக்கே இரண்டும் இருத்தல் கூடும் என்பதையும் மறத்தலாகாது. இரத்த சோகைக்கு மருந்து அளிப்பதால் பதற்றமும் தீர்ந்துவிடும் எனக் கொள்ள இயலாது. மேலும், “உமக்கு நோய் ஒன்றுமில்லை” என்று கூறி அனுப்புவது சிகிச்சை ஆகாது. அறிகுறி தோன்றும் காரணத்தை விளக்கி, ஆலோசனையும் தேவையாயின் மருந்தும் அளித்தால் பதற்ற நோயைக் கட்டுப்படுத்த இயலும்.

மனநலப் பணியைப் பொது மருத்துவத்துடன் இணைப்பதே 1982-இல் தொடங்கிய தேசிய மனநலத் திட்டத்தின் நோக்கங்களுள் ஒன்று. 1996 முதல் மாவட்ட மனநலத் திட்டம் அதனை மாவட்டங்களுக்குக் கொண்டு சென்றது. 2022-இல் தொடங்கப்பட்ட டெலி மானஸ் சேவையில், 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி ஆலோசனை பெறலாம். எனினும், நோயாளியை முதலில் காண்பவர் அடிநிலை மருத்துவ அலுவலரே. அவர் பொறுமையுடன் கேட்கும் சில வினாக்களைப் பொறுத்தே இத்திட்டங்களின் பயன் அமையும்.