உழவின் தோற்றமும் பழைய எலும்பின் சான்றும்

உழவுத் தொழில் நம் நாட்டிற்கு எவ்வாறு வந்தது? அதனை அறிந்த வேற்று மக்கள் பெருந்திரளாக வந்து குடியேறினரா? அன்றி, இங்கு முன்னரே வாழ்ந்தோர் தாமே உழவராயினரா? நெடுங்காலம் ஊகத்தாலேயே விடை கூறப்பட்டு வந்த இவ்வினாவிற்கு இக்காலத்தில் பழைய எலும்புகள் சான்று பகர்கின்றன. அதனை நம் சங்க அங்கத்தினர்கள் அறிந்திருத்தல் நலம்.

நம் உடலின் உயிரணுக்களில் டி.என்.ஏ. என்னும் நுண்ணிய இழை உண்டு. துணியைக் கண்ட அளவில் அதன் பாவும் ஊடும் எத்தகையன எனத் தேர்ந்த நெசவாளர் கூறிவிடுவார். அவ்வாறே இவ்விழையை ஆராயும் அறிஞர்கள் ஒருவருடைய மூதாதையர் எக்குழுவினரைச் சார்ந்தோர் என மதிப்பிடுகின்றனர். ஆனால், உயிர் நீங்கியபின் இவ்விழை சிதைந்துவிடும். வெப்பமும் ஈரமும் மிகுந்த நாடுகளில் அச்சிதைவு விரைவாக நிகழும். உட்செவியைச் சூழ்ந்த கெட்டியான எலும்பில் அது ஓரளவு எஞ்சி நிற்கும்.

ஐரோப்பாவில் உழவைப் பரப்பியவர்கள், இன்றைய துருக்கிப் பகுதியிலிருந்து குடிபெயர்ந்து சென்ற உழவர்களே என்பது இம்முறையால் தெளிவாயிற்று. நம் நாட்டின் நிலை வேறு. அரியானா மாநிலத்து ராகிகடியில் அகழ்ந்தெடுத்த எலும்புகளில் 61 மாதிரிகளை ஆராய்ந்தனர்; ஒன்றே ஒன்றில்தான் போதிய டி.என்.ஏ. கிடைத்தது. அது சுமார் 4,500 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரு பெண்ணுடையது. வசந்த் சிண்டே, நீரஜ் ராய், டேவிட் ரைக் முதலியோர் 2019-ஆம் ஆண்டில் அம்முடிவை வெளியிட்டனர். அப்பெண்ணின் முன்னோர்க்கும் ஈரானின் பண்டை மக்களுக்கும் உறவு உண்டு. எனினும், அவ்விரு கிளைகளும் உழவு தோன்றுமுன்னரே பிரிந்துவிட்டன. ஆகவே, ஈரானிய உழவர்கள் திரண்டு வந்தமையால்தான் இங்கு உழவு பிறந்தது என்னும் கொள்கை வலுவிழந்தது.

விதை கைமாறிச் செல்லும். அதனுடன் மக்களும் கூட்டமாகச் செல்லவேண்டும் என்பதில்லை. மேற்காசியாவில் முதலில் பண்படுத்தப்பெற்ற கோதுமை சிந்துவெளியிலும் விளைந்தது. பலுசிஸ்தானத்து மெஹர்கரில், கி.மு. ஆறாம் ஆயிரத்தாண்டைச் சார்ந்த செப்பு மணியொன்றினுள் பருத்தி நூல் கிடைத்தது. தென்னாட்டிலோ, திருப்பத்தூர் மாவட்டத்துப் பையம்பள்ளியின் புதிய கற்கால ஊரில் கொள்ளும் பச்சைப்பயறும் கிடைத்தன. இவ்விரண்டும் இந்நாட்டிலேயே பண்படுத்தப்பெற்ற பயிர்கள். எனவே, உழவின் வரலாறு ஒரே இனத்தாரின் கொடையன்று. பலர் கைகளால் விளைந்த பொதுச் செல்வமாகும்.

இதில் நமக்கும் ஒரு கடமை உண்டு. ஒரகடத்தை அடுத்த வடக்குப்பட்டில் 2022-ஆம் ஆண்டில் இந்தியத் தொல்லியல் துறையினர் அகழ்ந்தபோது பழங்காலக் கற்கருவிகள் வெளிப்பட்டன. செம்பரம்பாக்கம் முதல் ஒரகடம் வரை விளைநிலங்கள் பல தொழிற்சாலைகளாகி வருகின்றன. மண்வெட்டிக்கு மாறாக இயந்திரங்கள் மண்ணைத் தோண்டுகின்றன. ஒரு நொடியில் ஒரு தாழி நொறுங்கிவிடும். 61-இல் ஒன்றே பேசிற்று என்பதை நினைவிற் கொள்வோமாக. கிணறு வெட்டும்போதோ, கடைகால் தோண்டும்போதோ தாழியும் எலும்பும் தென்பட்டால், வேலையை உடனே நிறுத்துக. வெறுங்கையால் தொடுதலும் நீரால் கழுவுதலும் கூடா, தொடுவோரின் டி.என்.ஏ. அதனோடு கலந்துவிடும். வட்டாட்சியர்க்கோ தொல்லியல் துறைக்கோ தாமதமின்றித் தெரிவிக்க வேண்டும். விதைநெல்லைக் காப்பது போல இச்சான்றுகளையும் காப்போமாக.