அறுபது வரை தாங்க வேண்டிய முதுகு

குப்பனூர்

அன்பு மகனுக்கு,

மலைப்பாதைத் தடுப்புச் சுவர் வேலையில் கலவை சுமக்கிறாய் என்று உன் அம்மா சொன்னாள். சந்தோஷம். முப்பது வருஷம் கரணை பிடித்தவன் என்ற உரிமையில் சில வார்த்தை எழுதுகிறேன்.

நம் தொழிலில் ஓய்வூதியம் 60 வயதில். இடுப்பும் முழங்காலும் அதுவரை பொறுப்பதில்லை. ஐம்பதிலேயே சாரம் ஏற முடியாமல் வாட்ச்மேன் வேலைக்குப் போனவர்கள் நம் ஊரிலேயே உண்டு. ஜெர்மனியில் 14,474 கட்டடத் தொழிலாளர்களைப் பத்தாண்டு கவனித்து ஆராய்ந்தார்கள். உடம்பு முடங்கி முன்கூட்டியே ஓய்வு பெற்றவர்களுக்கு முதுகு, மூட்டு நோய்தான் முதல் காரணமாக இருந்தது. உன் தோளில் ஏறும் சிமென்ட் மூட்டையோ 50 கிலோ.

மூட்டையை ஒத்தையாகத் தூக்காதே. இரண்டு பேர் பிடித்து, முழங்காலை மடக்கி, நெஞ்சோடு அணைத்து எழுங்கள். சுமையோடு இடுப்பைத் திருப்பாதே. கல்லும் டைல்ஸும் அறுக்கும்போது தண்ணீர் விட்டு அறு. உலர அறுத்தால் பறக்கும் சிலிக்காத் தூசி நுரையீரலைத் தழும்பாக்கிவிடும். சிலிகோசிஸ் என்ற அந்த நோயைக் குணமாக்க மருந்து கிடையாது. மூக்கில் கட்டும் துண்டு அந்தத் தூசியைத் தடுக்காது. சாயங்காலம் இடுப்பு வலித்தால் மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டு மறுநாள் வேலைக்கு ஓடாதே. வெயிலில் வியர்த்து வறண்ட உடம்பில் வலி மாத்திரை சிறுநீரகத்தைக் கெடுக்கும். சேலம் அரசு மருத்துவமனைக்குப் போ. அங்கே தரும் சீட்டுகளைப் பத்திரமாக வை. நாளைக்கு முடங்கினால் அவைதான் உனக்குச் சாட்சி.

எல்லாவற்றுக்கும் மேலாக, கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய். 1994 முதல் இருக்கிறது அந்த வாரியம். விபத்துக்கு உதவி, பிள்ளைகள் படிப்புக்கு உதவி, 60-க்குப் பின் ஓய்வூதியம், வேலையே செய்ய முடியாமல் முடங்கியவர்க்கு மாத ஓய்வூதியம் எல்லாம் உண்டு. இது யாரும் போடும் பிச்சையல்ல. கட்டடச் செலவில் 1 சதவீதம் அதற்கென்றே வசூலாகிறது. நீ சுமந்த கலவையில் வந்த பணம். தொகை பெரிதில்லைதான். ஆனாலும் விழுந்த வீட்டில் மருந்துச் செலவுக்கு அது கைகொடுக்கும். அட்டை இல்லாதவனுக்கு, விழுந்த பிறகு அலைந்தாலும் வாரியத்தின் பெரும்பாலான உதவிகள் கிடைப்பது கடினம்.

மேஸ்திரி பார்த்துக்கொள்வார் என்று இருந்துவிடாதே; வேலை முடிந்தால் அவர் அடுத்த ஊருக்குப் போய்விடுவார். இந்த வாரமே ஒரு நாள் கூலி போனாலும் போகட்டும், ஆதாரை எடுத்துக்கொண்டு இ-சேவை மையத்துக்குப் போ. உன்னோடு வேலை செய்யும் சித்தாள் பெண்களையும் கூட்டிப் போ.

அன்புடன்,
பெரியப்பா