ஏடு ஒத்தால் போதுமா?

கணிதத்தில் கெட்டிக்காரர்கள்தாம் பல்கலைக்கழகத்தில் கணக்கியல் பயில முடியும் எனப் பலர் எண்ணுகின்றனர். கூட்டல் கழித்தலைக் கணினியே செய்துவிடும். மாணவர்களைத் திணறடிப்பது வேறொன்று.

ஒரு நிறுவனம் தன் கனவுந்தைப் பழுதுபார்க்க 5,000 ரிங்கிட் கொடுக்கிறது எனக் கொள்வோம். அதைச் செலவுக் கணக்கில் பதிய வேண்டும். மாறாக, சொத்துக் கணக்கில் பதிந்தாலும் பற்றும் வரவும் ஒத்தே இருக்கும். ஆனால், செலவு மறைந்து இலாபம் கூடுதலாகத் தோன்றும். அதே பணத்தில் புதிய இயந்திரம் பொருத்தி, கனவுந்தின் ஆயுள் நீண்டிருந்தால், அதைச் சொத்தாகக் கருத இடமுண்டு. எது செலவு, எது சொத்து எனப் பகுத்தறிவதே இப்படிப்பின் கடினமான பகுதி. சுவையான பகுதியும் அதுவே.

அமெரிக்காவின் வேர்ல்ட்காம் என்ற தொலைத்தொடர்பு நிறுவனம் பல பில்லியன் டாலர் செலவைச் சொத்தாகக் காட்டியது. 2002ஆம் ஆண்டில் அதைக் கண்டுபிடித்தவர்கள் அந்நிறுவனத்தின் உள்தணிக்கையாளர்களே. நிறுவனம் நொடித்தது; ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தனர்.

மலேசியாவில் பட்டம் பெற்றவுடனே ஒருவர் தம்மைக் கணக்காளர் என அழைத்துக்கொள்ள இயலாது. 1967ஆம் ஆண்டுக் கணக்காளர் சட்டத்தின்படி, மூன்றாண்டுப் பணி அனுபவம் பெற்று மலேசியக் கணக்காளர் கழகத்தில் பதிந்துகொள்ள வேண்டும்.