நீலச்சுடர் சொல்லும் செய்தி

வங்காளத்தில் பௌஷ, மாக மாதங்கள் குளிர்காலம் ஆகும். நம் மார்கழியும் தையும் ஏறத்தாழ அவையே. கொல்கத்தாவில் கடுங்குளிர் இல்லை. ஆயினும் விடியற்காலையில் குழாய்நீர் கையைச் சில்லிட வைக்கும். ஆகவே, அடுக்குமாடி வீடுகள் பலவற்றின் குளியலறைகளில் ‘கேஸ் கீசர்’ என வழங்கும் எரிவாயு வெந்நீர்க் கருவியைக் காணலாம். குளிருக்கு அஞ்சிச் சன்னலையும் கதவையும் இறுக அடைப்பதும் இக்காலத்தில்தான். இவ்விரண்டும் சேரும்போது நேரும் இடரையும், கருவி பழுதுபட்டால் காரணம் காணும் முறையையும் இப்பாடத்தில் கற்போம்.

கொல்கத்தாவும் எரிவாயுவும்

கொல்கத்தா எரிவாயுவை நெடுங்காலமாக அறிந்த நகரம். 1857ஆம் ஆண்டிலேயே அதன் தெருக்களில் எரிவாயு விளக்குகள் ஒளிர்ந்தன. ஓரியண்டல் கேஸ் கம்பெனி நிலக்கரியிலிருந்து வாயுவைப் பெற்று, மண்ணுக்கடியில் பதித்த குழாய்களின் வழியே அனுப்பியது. பின்னர் 1965இல் ‘இண்டேன்’ சமையல் எரிவாயுவின் முதல் இணைப்பும் இந்நகரில்தான் வழங்கப்பட்டது.

இவ்விரு வாயுக்களுக்கும் இடையே ஒரு வேறுபாடு உண்டு. நிலக்கரி வாயுவில் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயு இயல்பாகவே கலந்திருந்தது. உருளையில் வரும் எரிவாயுவோ புரொப்பேன், பியூட்டேன் ஆகியவற்றின் கலவை. அதில் அந்நஞ்சு இல்லை. ஆனால், போதிய காற்று இல்லாமல் எரிந்தால் அதுவும் அந்நஞ்சை உண்டாக்கிவிடும்.

சுடருக்கும் வேண்டும் காற்று

ஒரு லிட்டர் புரொப்பேன் வாயு முழுமையாக எரிய ஏறத்தாழ 24 லிட்டர் காற்று தேவை. அவ்வாறு எரியும்போது கரியமில வாயுவும் நீராவியும் மட்டுமே தோன்றும். சுடரும் நீலநிறமாக, அசையாமல் நிற்கும். அடைத்த சிற்றறையில் சிறிது நேரத்தில் உயிர்வளி குறைகிறது. எரிதல் முழுமையடையாமல் கார்பன் மோனாக்சைடு பிறக்கிறது. சுடர் மஞ்சள் நிறமாகித் தள்ளாடலாம். கருவியின் மேல் கரி படியலாம்.

கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. உருளையிலிருந்து வாயு கசிந்தால் அதில் சேர்க்கப்பட்ட மணப்பொருள் நம்மை எச்சரிக்கும். எரிந்தபின் தோன்றும் இந்நஞ்சுக்கு அத்தகைய மணம் எதுவும் இல்லை. குருதியிலுள்ள ஹீமோகுளோபினுடன் இது உயிர்வளியைக் காட்டிலும் 200 மடங்குக்கு மேல் வலுவாகப் பிணைகிறது. முதலில் தலைவலி, தலைச்சுற்றல், குமட்டல் உண்டாகும். களைப்பு என்று எண்ணி அமர்ந்தவர், எழுந்து கதவைத் திறக்கும் வலிமையையும் இழந்துவிடக்கூடும்.

கருவி இயங்கும் விதம்

குழாயைத் திறந்ததும் ஓடும் நீரின் அழுத்தம் கருவியினுள் உள்ள மென்தகட்டைத் தள்ளுகிறது. உடனே மின்கலத்தால் தீப்பொறி எழுகிறது; வாயுவின் வழி திறக்கிறது; சுடர் பற்றுகிறது. அதன் வெப்பம் செம்புக்குழாயில் ஓடும் நீரைச் சூடாக்குகிறது. எனவே நீர், பொறி, வாயு, காற்று ஆகிய நான்கும் ஒருங்கே அமைய வேண்டும். பழுதைத் தேடுவோரும் இவ்வரிசையிலேயே தேடுவர்.

1. பொறியின் ஒலியே கேட்கவில்லையா? நீரோட்டம் போதுமா எனக் காண்க. மேல்மாடி வீட்டுக்கும் மொட்டைமாடித் தொட்டிக்கும் உயர வேறுபாடு குறைவாதலால் அழுத்தமும் குறையும். நீர் நுழையும் வாயிலிலுள்ள வலையில் மண்ணும் துருவும் அடைத்திருக்கலாம். நீரோட்டம் நன்றாக இருந்தால், மின்கலம் தீர்ந்திருக்கலாம்.

2. பொறி எழுந்தும் சுடர் பற்றவில்லையா? உருளை தீர்ந்திருக்கலாம், ரெகுலேட்டர் மூடியிருக்கலாம்.

3. சுடர் மஞ்சளாக உள்ளதா? கருவியை உடனே நிறுத்துக. எரிமுனையில் தூசி அடைத்திருக்கலாம். அறையில் காற்றும் குறைந்திருக்கலாம். பயிற்சி பெற்ற பணியாளர் பார்த்துச் சரிசெய்த பின்னரே மீண்டும் பயன்படுத்த வேண்டும்.

4. குளிக்கும்போது இடையில் அணைந்து, கதவைத் திறந்து வைத்தபின் நன்றாக எரிகிறதா? பழுது கருவியில் இல்லாமல் அறையில் இருக்கலாம். சில கருவிகளில் உயிர்வளி குறைந்தால் சுடரை அணைத்துவிடும் உணர்கருவி உண்டு. அது தொல்லை தருகிறதென்று அதனை நீக்குவது, வாயிற்காவலனை வெளியேற்றிவிட்டு உறங்குவதற்கு ஒப்பாகும்.

எரியாத கருவியால் வெந்நீர் மட்டுமே கிடைக்காது. தவறாக எரியும் கருவியால் உயிரே போகலாம். ஆதலால், “ஏன் எரியவில்லை?” என்று கேட்பதற்கு முன்னரே, “எரிவதற்குக் காற்று எங்கிருந்து வருகிறது? புகை எங்கே போகிறது?” என்று கேட்பதே அறிவுடைமை.

பாதுகாக்கும் வழிகள்

கருவியையும் உருளையையும் குளியலறைக்கு வெளியே, காற்றோட்டமுள்ள இடத்தில் வைத்து, வெந்நீரை மட்டும் குழாய்வழி உள்ளே கொண்டுவருவதே சிறந்தது. மேலைநாடுகளில் வீடுபோல் அமைந்த பயண வண்டிகளிலும் இதே கருத்தைப் பின்பற்றுகின்றனர். அவற்றில் பொருத்தும் வெப்பக் கருவிகள் வெளிக்காற்றை உள்ளிழுத்து, புகையை வெளியே அனுப்புமாறு அடைப்புடன் அமைக்கப்படுகின்றன. அறை சிறிதாகச் சிறிதாக எச்சரிக்கை பெரிதாக வேண்டும்.

ரப்பர்க் குழாயை 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றுதல் வேண்டும். வாயு கசியும் மணம் வந்தால் மின்விசைகளைத் தொடாமல், ரெகுலேட்டரை மூடிச் சன்னல்களைத் திறந்து, வெளியே வந்து 1906 என்னும் அவசர எண்ணை அழைக்க வேண்டும். குளியலறைக்குள் ஒருவர் மயங்கினால், முதலில் கதவைத் திறந்து, கருவியை நிறுத்தி, அவரைத் திறந்த வெளிக்குக் கொண்டுவந்து, உடனே மருத்துவ உதவி நாடுக.

வருமுன் காப்பதே அறிவு. காற்றுக்கு வழிவிடும் ஒரு சிறு சன்னலும் உயிர்காக்கும் கருவியே.

சொற்பொருள்

இடர் – துன்பம்
உயிர்வளி – மூச்சுக்கு உதவும் காற்று
குருதி – இரத்தம்
எரிமுனை – வாயு வெளிப்பட்டு எரியும் பகுதி

பயிற்சி

அ. பிரித்து எழுதுக:
1. வெந்நீர் 2. சிற்றறை 3. கடுங்குளிர் 4. இவ்விரண்டும்

ஆ. கோடிட்ட இடங்களை நிரப்புக:
1. முழுமையாக எரியும் சுடரின் நிறம் ________.
2. கொல்கத்தாவின் தெருக்களில் எரிவாயு விளக்குகள் ஒளிர்ந்த ஆண்டு ________.

இ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக:
1. கார்பன் மோனாக்சைடை மூக்கால் அறிய இயலாதது ஏன்?
2. மேல்மாடி வீடுகளில் நீரின் அழுத்தம் குறைவதற்குக் காரணம் யாது?

ஈ. விரிவாக எழுதுக:
நண்பன் ஒருவன் வீட்டில் வெந்நீர்க் கருவி அடிக்கடி இடையில் அணைந்துவிடுகிறது. அவன் தந்தையார் உணர்கருவியை நீக்க எண்ணுகிறார். அவருக்குப் பணிவுடன் அறிவுரை கூறிக் கடிதம் ஒன்று எழுதுக.