மழைமானி சொல்வதே கணக்கு

கேள்வி: பெங்களூரில் வேலை பார்க்கிறேன். கனகபுரா பக்கம் அப்பாவுக்கு இரண்டு ஏக்கர் மாந்தோப்பு இருக்கிறது. வானிலைக் காப்பீடு எடுத்தால் பணம் கைக்கு வருமா?

பதில்: வரும். ஆனால் எதை வைத்துத் தருகிறார்கள் என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். 2007-இல் கர்நாடகத்தில் சோதித்துப் பார்த்து, 2016-இல் சீரமைக்கப்பட்ட திட்டம் இது. சாதாரணப் பயிர்க் காப்பீட்டைப் போல விளைச்சலை அளப்பதில்லை. அறிவிக்கப்பட்ட நாட்களில் மழையோ வெப்பமோ குறித்த அளவைத் தாண்டினால் அல்லது குறைந்தால் இழப்பீடு. மழை அளவை கிராமப் பஞ்சாயத்துகளில் உள்ள தானியங்கி மானிகள் 15 நிமிடத்துக்கு ஒருமுறை யலஹங்காவிலுள்ள மாநிலப் பேரிடர் கண்காணிப்பு மையத்துக்கு அனுப்புகின்றன.

சங்கடமும் அங்கேதான். மானி இருக்கும் இடத்தில் மழை கொட்டி, அப்பாவின் தோப்பு காய்ந்தால் ஒரு ரூபாயும் கிடைக்காது. மானிகளை இன்னும் நெருக்கமாக வைப்பது அரசின் கடமை. கிராமசபையில் விடாமல் கேளுங்கள்.

தோட்டப் பயிருக்கு விவசாயியின் பங்கு அதிகபட்சம் 5 சதவீதம். லட்ச ரூபாய்க் காப்பீட்டுக்கு 5,000 ரூபாய். மீதியை மத்திய, மாநில அரசுகள் கட்டும். உங்கள் பஞ்சாயத்தில் மா அறிவிக்கப்பட்டிருக்கிறதா என்று ரைத சம்பர்க்க கேந்திரத்தில் (விவசாயிகள் தொடர்பு மையம்) விசாரியுங்கள். பஹணி (நிலப் பதிவு ஆவணம்), ஆதார், வங்கிப் புத்தகத்துடன் கடைசித் தேதிக்கு முன்பே பதிந்துவிடுங்கள்.