திருத்துழாயின் இலையும் மலரும் மணமும்

எம்பெருமானுக்குச் சாத்தப்பெற்றுப் பின்னர் அடியார்களுக்குப் பிரசாதமாக வழங்கப்பெறுவது திருத்துழாய். பெரியாழ்வார் திருவில்லிபுத்தூரில் நந்தவனம் அமைத்துக் கைங்கரியம் புரிந்தார் என்பதும், அங்குத் துளசிச் செடியின் அடியிலே ஆண்டாளைக் கண்டெடுத்தார் என்பதும் யாவரும் அறிந்த வரலாறு. கையிற்பெற்ற இலையைச் சற்றே உற்று நோக்குவோமாயின், அதனைக் கொய்யும் முறையும் காக்கும் முறையும் தாமே விளங்கும்.

தாவரவியல் அறிஞர் லின்னேயஸ் இச்செடிக்கு 1753-இல் ஆசிமம் டெனுயிஃப்ளோரம் என்றும், 1767-இல் ஆசிமம் சாங்க்டம் என்றும் பெயரிட்டார். இரண்டும் ஒரே செடியைக் குறிப்பன ஆதலின், முந்தியதே இன்று முறையான பெயராகக் கொள்ளப்படுகிறது. தும்பை, புதினா, திருநீற்றுப்பச்சை ஆகியன இதன் குடும்பத்தைச் சார்ந்தவை. இளந்தண்டு நாற்கோண வடிவினது. இலைகள் இரண்டிரண்டாக எதிரெதிரே தோன்றும். ஒரு கணுவின் இலைகள் கிழக்கு மேற்காக நிற்குமாயின், அடுத்த கணுவின் இலைகள் வடக்குத் தெற்காக நிற்கும். இதனால் மேலிலை கீழிலையின் வெயிலை முற்றும் மறைப்பதில்லை.

மணம் இலையின் எப்பகுதியில் உறைகின்றது? உருப்பெருக்கியின் வழியே காணின், இலைப்பரப்பில் நுண்ணிய புள்ளிகள் தோன்றும். இவை எண்ணெய்ச் சுரப்பிகள். பெரிய சுரப்பி ஒவ்வொன்றின் தலையிலும் நான்கு உயிரணுக்கள் உண்டு. அவை சுரக்கும் எண்ணெய், மேலே போர்த்திய மெல்லிய தோலின் அடியில் தேங்கி நிற்கும். விரல் பட்டால் அத்தோல் கிழிந்து மணம் வெளிப்படும். இலை விரிவதற்கு முன்பே பெரும்பாலான சுரப்பிகள் தோன்றிவிடுவதால், கொழுந்தில் அவை நெருங்கியும் முற்றிய இலையில் விலகியும் காணப்படும். கொழுந்தின் மணம் மிகுந்திருப்பதற்கு இதுவே காரணம்.

இவ்வெண்ணெய் நல்லெண்ணெய் போன்றதன்று; காற்றில் எளிதில் ஆவியாவது. நீராவியைச் செலுத்தி வடித்தெடுப்பர். பச்சிலையில் இதன் அளவு நூற்றில் ஒரு பங்கினும் குறைவே. யூஜினால், மெத்தில் யூஜினால், காரியோபில்லீன் முதலியன இதிற் காணும் பொருள்கள். செடியின் வகை, மண், பருவம் ஆகியவற்றிற்கேற்ப இவற்றின் விகிதம் மாறும். கிராம்பின் காரமணத்திற்கும் யூஜினாலே காரணம். தீர்த்தத்தில் கிராம்பும் துளசியும் சேரும்போது அவற்றின் மணம் ஒன்றோடொன்று இயைவது இதனாலேயே. இவ்வெண்ணெய்கள் பூச்சிகளினின்றும் செடியைக் காக்கவும் துணை செய்கின்றன.

மலர்கள் கதிரில் அடுக்கடுக்காக அமைவன; அடுக்கொன்றுக்குப் பெரும்பாலும் ஆறு. ஒவ்வொரு மலரும் இரு உதடுகளை உடையது: மேலுதடு நான்கு மடல்களாகப் பிரிந்தும், கீழுதடு பிளவின்றியும் இருக்கும். நான்கு மகரந்தத் தாள்கள் கீழுதட்டின்மேல் சாய்ந்து கிடப்பதால், தேனுண்ண வரும் தேனீயின் வயிற்றுப்புறத்தில் மகரந்தம் படிகிறது. மலர் உதிர்ந்தபின் புல்லி வட்டம் மட்டும் நிலைத்து நின்று, நான்கு சிறு விதைகளைப் பொதிந்து காக்கும்.

இனி, இதனால் நாம் அறிய வேண்டுவன யாவை? மணம் இலையின் மேற்பரப்பிலேயே தங்கியிருப்பதால், கசக்கிப் பறிப்பதும் மூட்டையில் அழுத்தித் திணிப்பதும் நாம் சமர்ப்பிக்க எண்ணிய மணத்தை வழியிலேயே இழப்பதாகும். பிளாஸ்டிக் பையில் ஈரத்தோடு கட்டி வைத்த இலை விரைவில் கறுத்து அழுகும். நுனியை நகத்தால் மெல்லக் கிள்ளின் பக்கக் கிளைகள் தழைக்கும். கிளையை முறித்தால் செடி நலியும். காற்றோட்டமுள்ள கூடையில், வாழையிலை விரித்து வைப்பது நன்று. சில கதிர்களை முற்றவிட்டால் தேனீக்கும் உணவாகும். அடுத்த பருவத்திற்கு விதையும் கிடைக்கும்.

விழா நாட்களில் தேவை பெருகுங்கால் எல்லாத் துளசியையும் சந்தையிலேயே வாங்க நேர்கிறது. பூச்சி மருந்து தெளிக்கப்பெற்றதா என்பதை நாம் அறிய இயலாது. வெயில் படும் முற்றமும், நீர் தேங்காத மண்ணும் இருப்பின் இல்லந்தோறும் இச்செடி வளரும். அடுத்த ஆண்டு உற்சவத்திற்கு எழுந்தருளும் அன்பர் ஒவ்வொருவரும் தம் கையால் வளர்த்த ஒருபிடித் திருத்துழாயேனும் வாடாது கொணர்ந்து சமர்ப்பிப்பாராக.